58074 என்ற பிறந்த தேதி

தண்டையார்பேட்டையில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மென்பொருளைச் சில ஆண்டுகள் கவனித்து வந்தேன். அதன் தரவுத்தளம் கேஷே. 1960களில் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் உருவான மம்ப்ஸ் மொழியின் வழிவந்தது அது; நோயாளி, பரிசோதனை, முடிவு எல்லாம் அதில் கிளாஸ்களாகவே, அதாவது என்னென்ன தகவல் இருக்கும் என்று சொல்லும் வரையறைகளாகவே, இருந்தன. முடிவுகளை எக்ஸ்எம்எல் கோப்பாக (ஒவ்வொரு தகவலையும் பெயரிட்ட கூறாக எழுதும் வடிவம் அது) அனுப்பும்படி ஒரு பெரிய மருத்துவமனை கேட்டபோது, கிளாஸை எக்ஸ்எம்எல்லாக மாற்ற உதவும் %எக்ஸ்எம்எல்.அடாப்டர் என்பதை அதன் தலைப்பில் சேர்த்து, கம்பைல் செய்து, கோப்பை எழுதும் ரைட்டரிடம் ஆப்ஜெக்டை, அதாவது பதிவை, கொடுத்தேன். மதியத்துக்குள் கோப்பு வந்துவிட்டது.

மறுநாள் அங்கிருந்து தொலைபேசி வந்தது. ஒரு நோயாளியின் பிறந்த தேதி 58074 என்றிருந்ததாம். கேஷே தேதியை 1840 டிசம்பர் 31ஐப் பூஜ்யமாக வைத்து நாள்கணக்காகவே சேமிக்கிறது. அந்தக் கணக்கில் 58074 என்பது 2000 ஜனவரி 1. (பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு நம் ஊரில் ஜனவரி 1 போடுவது வழக்கம்தானே.) பிறந்த தேதிக்கான பிராப்பர்ட்டியை (கிளாஸில் ஒரு தகவலுக்கான இடத்தை) தேதி என்று அறிவித்திருந்தால் அடாப்டரே 2000-01-01 என்று எழுதியிருக்கும். எனக்கு முன்பிருந்தவரோ அதை முழு எண் என்று அறிவித்துவிட்டு, திரையில் காட்டும் இடத்தில் மட்டும் கையால் மாற்றியிருந்தார். "ஸ்கிரீன்ல சரியாத்தானே தம்பி தெரியுது?" என்று வரவேற்பில் இருந்த அக்கா கேட்டார். திரையில் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் அடாப்டர் திரையைப் பார்ப்பதில்லை, அறிவிப்பைத்தான் பார்க்கிறது.

இரண்டு வகையிலும் உள்ளே இருப்பது அதே எண் என்பதால், பழைய பதிவுகளைத் தொடாமல் அறிவிப்பை மட்டும் மாற்ற முடிந்தது. ஓடிபிசி (வெளி நிரல்கள் தரவுத்தளத்தைப் படிக்கும் வழி) வழியாக எண்ணை எடுத்துத் தானே தேதியாக்கிக்கொண்டிருந்த மாத அறிக்கைதான் உடைந்தது. அதற்கு ஒரு நாள் போயிற்று.

முடிவு வராத பரிசோதனைகளில் முடிவுக்கான எலிமென்ட்டே, அதாவது கோப்பில் அதற்கான கூறே, இல்லாமல் போனது இன்னொரு தொல்லை. வெற்றுப் பிராப்பர்ட்டியை ரைட்டர் இயல்பாக விட்டுவிடும். எதிர்முனை நிரலோ அந்த இடத்தில் காலியான எலிமென்ட்டாவது இருக்கும் என்று எதிர்பார்த்தது. நோயாளிக்கும் பரிசோதனைக்கும் இடையிலான உறவில், பரிசோதனைகள் இருக்கும் பக்கம் மட்டுமே இயல்பாக வெளியே வருவதை முதலில் குறை என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் வந்தால் நோயாளிக்குள் பரிசோதனை, அதற்குள் மீண்டும் அதே நோயாளி என்று கோப்பு முடியவே முடியாது என்பது பிறகுதான் உறைத்தது.

தேதியைத் தேடிக் கோப்பை வரிவரியாகப் படித்தபோதுதான், யாரும் கேட்காத கைப்பேசி எண்ணும் அதில் போயிருப்பதைப் பார்த்தேன். அடாப்டரைச் சேர்த்ததும், தடுக்காத பிராப்பர்ட்டி எல்லாம் வெளியே போய்விடும். அன்று மாலையே அந்த வரியில் எக்ஸ்எம்எல்புரொஜெக்ஷன் என்ற அமைப்புக்கு நேராக "நன்" (NONE, அதாவது வெளியே அனுப்பாதே) என்று எழுதி, ஏற்கெனவே அனுப்பிய கோப்பை அழித்துவிடும்படி மருத்துவமனைக்குக் கடிதம் போட்டேன்.