அஞ்சு நிமிஷம், பிரதர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது கதவைத் தட்டி "பிரதர், ஒரு அஞ்சு நிமிஷம்" என்றால் எனக்கு உள்ளூரக் குஷிதான். நான் நாத்திகன். அதற்காகக் கதவைச் சாத்துகிற ரகம் இல்லை. உட்கார வைத்து, காபி கொடுத்து, பேசியே ஆளை ஒரு வழி பண்ணுகிற ரகம்.

மதத்தைப் பரப்ப அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு அவர்களுக்கு உரிமை தருகிறது. மனச்சாட்சிச் சுதந்திரம் என்று எனக்கும் அதே பிரிவில் இடம் இருக்கிறதே என்று ஆரம்பிப்பேன். அப்புறம் எச். நரசிம்மையா. பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, அற்புதங்களை விசாரிக்க 1976இல் ஒரு குழுவே போட்டவர். இத்தனைக்கும் காந்தியவாதி. இந்தக் கதை பாதி தாண்டுவதற்குள் வந்தவர்கள் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். "ஊழியத்துக்கு வர்றவங்களே உங்களைப் பார்த்தா ஓடுறாங்க" என்பாள் மனைவி.

போன மாதம் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெரியவர், கைப்பிரதிகளோடு ஒரு பையன். எங்கள் பெங்களூரின் அல்சூர் பக்கத்துத் தமிழ். நான் நரசிம்மையாவைத் தொட்ட நேரம் பாத்ரூமிலிருந்து குரல்: "தண்ணி நின்னு போச்சு! தலையெல்லாம் சீயக்காய்!"

சுமார் நூறு கிலோமீட்டர் மேடேறி வருகிற காவிரி, எங்கள் சம்ப்பிலிருந்து மொட்டை மாடிக்கு ஏற மாட்டேன் என்கிறது. மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை.

பெரியவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். "ஃபுட் வால்வுல குப்பை சிக்கி, சரியா மூடல பிரதர். குழாய்ல நின்ன தண்ணி கீழ இறங்கி, காத்து புகுந்திருச்சு." மோட்டார் மூடியைத் திருகி இரண்டு மக் தண்ணீர் ஊற்றினார். பையன் ஓரமாக நின்று கண்ணை மூடி ஜெபித்தான். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் ஏறியது.

தலையில் துண்டோடு வந்த மனைவி பையனைப் பார்த்துக் கும்பிட்டாள். எத்தனை வருடமாகக் காத்திருந்த தருணம்! நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார்: "சிஸ்டர், இது ஜெபத்துல ஓடல. காத்து வெளியேறுச்சு, ஓடுது. வால்வை மாத்தணும்."

என் வசனம் அது!

அடுத்த ஞாயிறு அவர் தனியாக வந்தார், புது வால்வோடு. கால் மணி நேர வேலை. கூலியை வாங்கிப் பையில் வைத்தார். ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. "அன்னைக்குப் பாதியில நின்னு போச்சே... அந்த நரசிம்மையா..."

"பிரதர், மர்பி டவுன்ல ஒரு வீட்ல பைப் உடைஞ்சு கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார்.

"ஒரு அஞ்சு நிமிஷம்" என்றேன்.