முழங்கால் தண்ணீர்ப் பாதை

எங்கள் புவியியல் மாஸ்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டதும் பாடத்தைத் தொடங்கமாட்டார். பிரம்பு நுனியால் ஓர் ஊரைத் தொட்டு, "பெயரைப் பிரியுங்கோ பாப்பம்" என்பார். பருத்தித்துறை, பருத்தி ஏற்றிய துறை. கொக்குவில், கொக்கு வந்திறங்கும் வில், அதாவது குளம். ஆனையிறவு வந்தால் மட்டும் பிரம்பைக் கீழே வைத்துவிடுவார். வன்னிப் பக்கமிருந்து யானைகளை ஆழமில்லாத கடல்நீரில் இறக்கிக் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நடத்திக்கொண்டு வந்ததையும், பிறகு அவற்றைக் கப்பலில் இந்தியாவுக்கு ஏற்றியதையும் தானே கூட நடந்து வந்தவர் மாதிரிச் சொல்லுவார்.

அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் இத்தனை வருடம் இருந்துவிட்டு, அந்த வகுப்பு எனக்குத் திரும்பக் கிடைத்தது போன மார்கழியில்தான். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த வகுப்பு நண்பனை ஹெரிசன் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

சுவான் ஆற்றின் நடுவே, நகரத்துக் கண்ணாடிக் கட்டடங்களுக்கு எதிரே கிடக்கிறது அந்தத் தீவு. ஏறக்குறைய 28 ஹெக்டேயர். புல்வெளி, மர நிழல், சுற்றி வர நடைபாதை. காலையில் ஓடுகிறவர்கள், தூண்டில் போடுகிறவர்கள், குழந்தைகளோடு பாய் விரித்துச் சாப்பிடுகிறவர்கள் என்று எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் கங்காரு பார்க்கத்தான் இங்கே போனோம். மகள் அப்போது சின்னப் பிள்ளை. தீவுக்கு ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயருக்கு ஒரு பொருள் உண்டு என்று யோசிக்கவே இல்லை. மாஸ்டரின் மாணவனாக இருந்தும் கேட்காமல் விட்டது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

ஹெரிசன் என்பவர் பிரெஞ்சுக் கடற்படையின் இளம் அதிகாரி. 1801இல் நிக்கோலா போடானின் ஆய்வுப் பயணத்தில் வந்து, படகில் இந்த ஆற்றில் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவர் இங்கே தங்கியது சில நாட்கள்தான். பல்லாயிரம் வருடங்களாக இந்தக் கரையில் வாழும் வாஜுக் நூங்கார் மக்களுக்கு இந்த இடம் மட்டகாரப். ஒரு கால் அமிழும் அளவு ஆழம் என்று பொருள். அன்றைக்கு இது ஒரே தீவாக இருக்கவில்லை. சேற்றுத் திட்டுகளும் சிறு தீவுகளுமாகக் கிடந்தது. ஆற்றை இறங்கி நடந்து கடக்க வசதியான இடம் இதுதான். பிறகு வெள்ளையர் ஆற்றைத் தூர்வாரி, மண் கொட்டி, திட்டுகளைச் சேர்த்து ஒரே தீவாக்கினார்கள். 1843இல் முதல் பாலம் போட்டதும், இன்றைய வாகனப் பாலங்கள் இருப்பதும் அந்தப் பழைய கடவையில்தான்.

இதை நண்பனுக்குச் சொல்லி முடிக்கவில்லை, அவன் நின்றுவிட்டான்.

"மச்சான், இது எங்கட ஆனையிறவெல்லே!"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யானைக்குப் பதில் மனிதர். மற்றதெல்லாம் ஒன்றுதான்.

தீவில் யாகனின் சிலை இருக்கிறது. தோளின் குறுக்கே ஈட்டி வைத்து நிற்கும் வெண்கலச் சிலை, 1984இல் வைத்தது. யாகன் வெள்ளையரின் குடியேற்றத்தை எதிர்த்து நின்ற நூங்கார் வீரர். 1833இல் சுட்டுக் கொன்றார்கள். தலையை வெட்டி, புகையில் பதப்படுத்தி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்க் காட்சிப் பொருளாக்கினார்கள். கடைசியில் 1964இல் லிவர்பூலில் ஒரு மயானத்தில் புதைத்தார்கள். நூங்கார் பெரியவர்கள் வருடக்கணக்காக விடாமல் கேட்டு, 1997இல் அதைத் தோண்டி எடுத்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அதே வருடம் இந்தத் தீவில் இருந்த சிலையின் தலையை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். திருத்தி வைத்த பிறகு மறுபடியும் அறுத்தார்கள். உண்மையான தலைக்கு மண் கிடைத்தது 2010இல், சுவான் பள்ளத்தாக்கில். கொல்லப்பட்டு 177 வருடம் கழித்து.

இறந்தவரின் உடலைத் தேடிக் காத்திருப்பது என்றால் என்னவென்று எங்கள் ஊர் வீடுகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நண்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சிலைக்கு முன் வெகுநேரம் நின்றான். அவனுடைய அண்ணனைப் பற்றி நம் வகுப்பில் படித்தவர்களுக்குத் தெரியும். நான் ஒன்றும் பேசவில்லை.

2012இல் நூங்கார் மக்கள் தங்கள் நில உரிமைக்காக இங்கேதான் கூடாரம் அடித்து இருந்தார்கள். பொலிஸ் வந்து அதைக் கலைத்ததை அப்போது செய்தியில் பார்த்தேன். நம் சங்கக் கூட்டங்களின் தொடக்கத்தில் இந்த மண்ணின் மூத்த குடிகளுக்கு மரியாதை தெரிவித்து இரண்டு வரி வாசிக்கிறோமே, அதை நானும் பல தடவை வேகமாக வாசித்து முடித்திருக்கிறேன். இனி அப்படி வாசிக்க என்னால் முடியாது.

இப்போது தீவுக்கு நடந்து போக, சைக்கிளில் போக, புதிதாகப் பூர்லூ பாலம் இருக்கிறது. 2024 முடிவில் திறந்தார்கள். பூர்லூ என்பது பேர்த் இருக்கும் இடத்தின் நூங்கார் பெயர். அதன் தூண்கள் பூமராங் போலவும், பெண்கள் கிழங்கு கிண்டும் தடி போலவும் வளைந்து நிற்கின்றன. வெயில் சாய்ந்த பிறகு அதில் நடந்தால் இரண்டு பக்கமும் ஆற்றுக் காற்று.

திரும்புவதற்கு முன் நண்பன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காற்சட்டையை மடித்துக்கொண்டு கரையோரம் இறங்கினான். இந்த இடத்தில் ஆற்றில் உப்புண்டு, கடல் ஏற்ற இறக்கம் இங்கேயும் எட்டும். அடியில் மெத்தென்ற சேறு. ஒவ்வொரு அடிக்கும் கால்விரல் இடுக்கால் கறுப்பாகப் புகைந்து மேலே வந்தது. சற்றுத் தள்ளி இரண்டு கறுப்பு அன்னங்கள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கிக்கொண்டு பாசி பிடுங்கிக்கொண்டிருந்தன. அவன் இன்னும் நாலு அடி வைத்தான். தண்ணீர் முழங்காலில் வந்து நின்றது.

"மாஸ்டர் இருந்திருந்தா இப்ப பிரம்பைக் கீழ வைச்சிருப்பார்" என்றான்.

நானும் சப்பாத்தைக் கழற்றினேன்.