மார்கழிக் குளிரில் கிளம்பாத கணினி: எஸ்.எம்.பி.எஸ். பழுது பார்த்த அனுபவம்

தஞ்சாவூரில் சித்தப்பா நடத்தும் சிறிய அச்சகத்தில், 2006இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர் 7. அதில் இருக்கும் திருமணப் பத்திரிகைகள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம் குறியாக்கத்தில் அமைந்தவையும் அவற்றில் உண்டு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். அக்காவின் பத்திரிகையை எடுத்துப் பார்த்துத்தான் தங்கைக்குப் போடுகிறார்கள். தாய்மாமன்களின் பெயர் வரிசையில்கூடத் தப்பு வரக்கூடாது. அதனால் இந்தக் கணினியைத் தூக்கிப் போடும் பேச்சுக்கே இடமில்லை.

மார்கழி பிறந்ததும் கோளாறு தொடங்கியது. தை முகூர்த்தங்களுக்கான வேலை குவியும் மாதம் அது. காலையில் பொத்தானை அழுத்தினால் விசிறி கால் சுற்று துடித்து நின்றுவிடும். அரை மணி நேரம் சுவிட்சைப் போட்டுவைத்து மறுபடி அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். சித்தப்பா இதற்கு ஒரு வழக்கமே ஏற்படுத்திக்கொண்டார். ஆறு மணிக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போவார், ஆறரைக்கு வந்து பொத்தானை அழுத்துவார். பார்க்க வந்த ஒருவர் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டாராம். "புதிதாகவே வாங்கிவிடலாமா தம்பி?" என்று சித்தப்பா கேட்டபோது குரலில் விருப்பமே இல்லை. "இரண்டு நாள் பொறுங்கள் சித்தப்பா, நான் பார்க்கிறேன்" என்றேன்.

சனிக்கிழமை மாலை, கணினிக்கு மின்சாரம் ஊட்டும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். 24 முனை இணைப்பியில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு காகிதக் கிளிப்பால் இணைத்தால், மதர்போர்டு இல்லாமலேயே அது ஓடும். ஓடியது. மஞ்சளில் 12.10, சிவப்பில் 5.06, ஆரஞ்சில் 3.31 வோல்ட். மேசைக் கணினிகளுக்கான ஏ.டி.எக்ஸ். விதிப்படி இவை மூன்றும் ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம். அந்த எல்லைக்குள் அழகாக நின்றன. எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்று பலரும் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். நானும் அந்த மாலை அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதில் சுமை, அதாவது மின்சாரத்தை இழுக்கும் பொருள், எதுவும் இல்லை, பெட்டியும் பகலெல்லாம் ஓடிய சூட்டில் இருந்தது.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுந்தேன். இரவு முழுவதும் மின்சாரம் இல்லாமல் கிடந்த பெட்டி சில்லென்று இருந்தது. இந்த முறை ஊதாக் கம்பியிலிருந்து தொடங்கினேன். கணினி அணைந்திருக்கும்போதும் வந்துகொண்டே இருக்கும் காத்திருப்பு மின்சாரம் அது, 5 வோல்ட். நாம் அழுத்தும் பொத்தான் நேரடியாக எதையும் இயக்குவதில்லை. மதர்போர்டுக்குச் சைகை காட்டும், மதர்போர்டு பச்சைக் கம்பியைக் கீழே இழுக்கும். அந்த வேலையைச் செய்ய மதர்போர்டுக்கு இந்த ஊதாக் கம்பியின் தெம்பு வேண்டும். சுமையில்லாமல் 4.98 காட்டியது. 10 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே வைத்தேன். அரை ஆம்பியர்தான், லேபிளில் 2 ஆம்பியர் தாங்கும் என்று போட்டிருக்கிறது. மீட்டர் 4.21க்குச் சரிந்து அங்கேயும் நிலைகொள்ளாமல் ஆடியது. 4.75க்குக் கீழே போகவே கூடாது. அரை மணி கழித்து அதே சுமையில் 4.80. சித்தப்பாவின் காபி நேரம் இப்போது விளங்கியது.

என் சந்தேகம் கெப்பாசிட்டர்மேல் விழுந்தது. மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் வற்றினால் அதன் உள்தடை, அதாவது ஈ.எஸ்.ஆர்., ஏறும். சூடேறினால் மிச்சமிருக்கும் திரவம் மின்சாரத்தைச் சற்று எளிதாகக் கடத்தும், உள்தடையும் இறங்கும். சுவிட்சைப் போட்டதுமே காத்திருப்புச் சுற்று வேலை செய்யத் தொடங்கிச் சுற்றியுள்ளவற்றைச் சூடாக்குகிறது. வெயில் காலத்தில் இந்தக் கோளாறு தலைகாட்டாததற்கும் அதுவே காரணம்.

பெட்டியைத் திறப்பது பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 230 வோல்ட்டைத் திருத்தினால் ஏறக்குறைய 325 வோல்ட் நேர்மின்சாரம் கிடைக்கும். உள்ளே இருக்கும் இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் அதைப் பாதிப்பாதியாகத் தேக்கி வைக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் அங்கேயே இருக்கலாம். ஸ்குரூடிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடும் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. பத்து நிமிடம் காத்திருந்து, 60 வாட் குண்டு பல்பின் இரு கம்பிகளையும் ஒவ்வொன்றின் முனைகளிலும் வைத்து இறக்கினேன். மீட்டரில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே பார்த்த பிறகே விரலை வைத்தேன். மீட்டர் பிடித்துப் பழகாதவர்கள் இந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

உள்ளே தூசி அல்ல, காகிதத் துகள். வெட்டும் இயந்திரத்தின் பக்கத்திலேயே கணினி இருப்பதால் விசிறியின் இதழ்களில் பஞ்சுபோல் படிந்து, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கின் இடுக்குகளை அடைத்திருந்தது. பத்து டிகிரி சூடு கூடினால் இந்தக் கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. தூரிகையால் எல்லாவற்றையும் தட்டி எடுத்த பிறகு, ஊதாக் கம்பி புறப்படும் இடத்தருகே அது தெரிந்தது: 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கெப்பாசிட்டர். தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பியிருந்தது. தலையில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டிருக்கும் கோடு ஓரிடத்தில் பிளந்து, அதன் வழியே கசிந்தது பழுப்பு நிறத்தில் வெல்லப்பாகுபோல் உறைந்திருந்தது. கழற்றிச் சோதனைக் கருவியில் வைத்தேன். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 212 மைக்ரோஃபாரட், உள்தடை 3.9 ஓம். புதியதில் 0.04 ஓம்தான் இருந்தது.

புதியது வாங்கியது தனிக்கதை. முதலில் சென்ற கடையில் 85 டிகிரி ரகத்தைக் கொடுத்து எல்லாம் ஒன்றுதான் என்றார்கள். ஒன்றல்ல. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு 105 டிகிரி, லோ ஈ.எஸ்.ஆர். என்று கேட்டு வாங்க வேண்டும். 10 வோல்ட்டுக்குப் பதில் 16 வோல்ட் போடலாம், பலகையில் இடம் இருந்தால் போதும்.

பழையதைக் கழற்றுவதில்தான் அதிகம் வியர்த்தேன். நேர்முனைக் கால் உடனே வந்துவிட்டது. எதிர்முனை அகலமான தாமிரப் பரப்போடு இணைந்திருப்பதால், என் 25 வாட் பற்றிரும்பின் சூட்டை அது உறிஞ்சிக்கொண்டே இருந்தது. ஈயம் மங்கலாக, மாவுபோல் கலங்கியதே தவிர உருகவில்லை. 60 வாட் இரும்பை இரவல் வாங்கி, பழைய ஈயத்தின்மேல் புதிய ஈயத்தைச் சிறிது ஊட்டினேன். இரண்டும் கலந்து ஒரு கணம் பாதரசம்போல் மின்னியது. அந்தக் கணத்தில் கெப்பாசிட்டரைச் சாய்த்தேன், வந்துவிட்டது. புதியதன் எதிர்முனைப் பட்டையை, முன்பே எடுத்து வைத்த புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பொருத்தினேன். பலகையில் அச்சிட்ட குறியை மட்டும் நம்புவதில்லை.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், பலகை தப்பிக்கும். ஒரு முறை பளிச்சிட்டு அடங்கியது. பல்பை எடுத்துவிட்டு ஊதாவில் சுமையோடு அளந்தேன்: 4.97. வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கள் காலை குளிரில் மறுபடி கோளாறு, ஆனால் இது வேறு மாதிரி. ஊதாவில் மின்னழுத்தம் எழுவதும் விழுவதுமாக இருந்தது: 2 வோல்ட், பூஜ்யம், 2 வோல்ட், பூஜ்யம். கிளம்ப முயன்று முயன்று தோற்கும் சுற்றின் இயல்பு அது. மறுபடியும் பல்பை வைத்து மின்சாரத்தை இறக்கிவிட்டு, காத்திருப்புச் சுற்றை இயக்கும் சில்லான எட்டுக்கால் ஐ.சி.யைத் தேடிப் பார்த்தேன். அதற்கே மின்சாரம் ஊட்டும் சிறிய கெப்பாசிட்டர், 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட், சூடாகும் ரெசிஸ்டர் ஒன்றோடு ஒட்டி நின்றது. தலை உப்பவில்லை, கசிவில்லை, பார்வைக்குப் புதிதுபோலவே இருந்தது. சோதித்தால் 6 மைக்ரோஃபாரட், 14 ஓம். முழுதாக வற்றிவிட்டது. உப்பியதை மட்டும் மாற்றிவிட்டு மூடியது என் தவறு. ஐ.சி. இல்லாத சில பழைய வடிவமைப்புகளில் இதே போன்ற சிறிய கெப்பாசிட்டர் வற்றினால், ஊதாவில் 5 வோல்ட் தாறுமாறாக ஏறி மதர்போர்டையே எரித்துவிடும். அதனால் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்தால் காத்திருப்புச் சுற்றின் கெப்பாசிட்டர்கள் அத்தனையையும் கழற்றி அளந்துவிடுங்கள். நானும் அவற்றை எல்லாம் அளந்தேன். மேலும் இரண்டை மாற்றினேன். விசிறியின் அச்சில் இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டேன்.

செவ்வாய் தொடங்கி ஆறு காலைகள், ஒவ்வொரு நாளும் ஐந்தரைக்கு, குளிர்ந்த நிலையில் அளந்தேன். சுமையோடு 4.96க்குக் கீழே ஒருநாளும் இறங்கவில்லை. ஞாயிறன்று பெட்டியைக் கணினியில் மாட்டி, வெட்டும் இயந்திரத்திலிருந்து தள்ளிச் சன்னலோரமாக வைத்தோம். சித்தப்பா சுவிட்சைப் போட்டார், உடனே பொத்தானை அழுத்தினார். ஒற்றை பீப் ஒலி. எக்ஸ்பி எழுந்ததும் முதல் வேலையாகப் பத்திரிகைக் கோப்புகளையும் எழுத்துருக்களையும் இரண்டு பென்டிரைவ்களில் நகலெடுக்கத் தொடங்கினோம். ஆரஞ்சுக் கம்பியின் பக்கம் இருக்கும் 2200 மைக்ரோஃபாரட் ஒன்று இலேசாக உப்ப ஆரம்பித்திருக்கிறது. அதற்கான மாற்று கையில் இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் போட வேண்டும்.