செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை, பிறகு கொட்டாஞ்சேனை: பாட்டோடு செபிக்கப் போகிறவர்களுக்கு

கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, செட்டியார் தெருவால் நடந்தால் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம். செவ்வாய் அவருடைய நாள். சைவர், பௌத்தர் என்று பார்க்காமல் எல்லோரும் மெழுகுதிரியோடு வருவார்கள். தமிழ்ப் பூசைக்கு அரை மணி முந்திப் போய்ப் பாடகர் குழாமுக்குப் பக்கத்தில் இருங்கள். அங்கே இருந்தால்தான் அவர்கள் செய்யும் தொண்டு விளங்கும்.

முதல் வேலை சுருதி. பூசை தொடங்கும்போது பாடும் வருகைப் பாடலின் ஆக உயர்ந்த சுரத்தைக் கீபோட்டில் தொட்டுப் பார்ப்பார்கள். அது மேல் 'டி' என்ற மேற்கத்திய சுரத்தைத் தாண்டினால் வாங்கில் அமர்ந்திருக்கும் மக்கள் பாதியில் வாயை மூடிவிடுவார்கள். ஒரு சுரம் இறக்கினால் கோயில் முழுக்கச் சேர்ந்து பாடும். நல்ல குரல்காரருக்கு இது பிடிக்காதுதான். ஆனாலும் இறக்கத்தான் வேண்டும். மக்களைப் பாடவைப்பதும் குழாமின் கடமை என்று 1967இல் வந்த வத்திக்கான் அறிவுறுத்தலே சொல்கிறது.

முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலில்தான் அதிகம் பிழை வரும். பல்லவியை மக்கள் ஒரே தடவை கேட்டுத் திருப்பிப் பாடவேண்டும். முதல் தடவையே சங்கதி போட்டு மெட்டை மாற்றி அழகுபடுத்தினால் யாருக்கும் பிடிபடாது. பல்லவியை நேராகப் பாடிவிட்டு, அழகெல்லாம் சரணத்தில் காட்டலாம். நற்கருணை வாங்கும் வரிசை செவ்வாயில் நீளும். அதற்கு இரண்டு பாட்டாவது கையில் இருக்கவேண்டும்.

அங்கிருந்து ஜம்பட்டா வீதியால் போனால் கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயம். பெரிய குவிமாடம், உயர்ந்த கூரை. ஒரு சொல் பாடி முடிந்த பின்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கும். இத்தகைய கட்டடத்தில் வேகத் தபேலா அடித்தால் தாளமும் சொல்லும் குழம்பிவிடும். நிதானமாகப் பாடி, வல்லின எழுத்துகளை அழுத்தி, கடைசி எழுத்தை எல்லோரும் ஒன்றாக விடவேண்டும். எதிரொலியைக் கேட்டுப் பாடுகிறவர் பின்தங்கிப் போவார். கண் பாட்டை நடத்துபவரின் கையில் இருக்கவேண்டும். நீண்ட வரியில் பக்கத்தில் நிற்பவர் மூச்செடுக்கும் இடத்தில் நாம் எடுக்கக்கூடாது. அப்படி மாறி மாறி எடுத்தால் பாட்டு அறுபடாது, செபமும் அறுபடாது.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்தில் அல்லேலூயா இல்லை. பெரிய வியாழன் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடல் மணியோசையோடு முடிந்ததும், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பாஸ்கா இரவுவரை வாத்தியம் பாட்டைத் தாங்குவதற்கு மட்டும்தான். பல குழாம்கள் அதையும் விட்டுக் குரலால் மட்டுமே பாடும். அப்போது சரணத்துக்குச் சரணம் சுருதி இறங்கும். வரி கீழே வரும்போது மூச்சைத் தளரவிடுவது ஒரு காரணம். ஒவ்வொரு சரணத்துக்கும் முன் தொடக்கச் சுரத்தை ஒருவர் மெல்ல முனகிக் கொடுக்கவேண்டும். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் உரக்கப் பாடித் தொண்டையைக் கட்டவிடாதீர்கள். மறுநாள் இரவு 'உன்னதங்களிலே' திரும்ப வரும்போது அந்தக் குரல் வேண்டும்.