அச்சிட்ட உணவுத்தாளும் அப்பாவின் நம்பிக்கைகளும்

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று உறுதியான பிறகு மருந்து வாங்குவதும் இரத்தப் பரிசோதனைக்குப் போவதும் சிரமமின்றி நடந்தன. சிக்கல் தொடங்கியது உணவு ஆலோசனை அறையில்தான். அப்பா எப்போது, என்ன, எவ்வளவு சாப்பிடுகிறார், இந்த நோயைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று எதையுமே கேட்காமல், எல்லோருக்கும் கொடுக்கும் அச்சிட்ட தாளை நீட்டிவிட்டு, ஆலோசகர் அடுத்தவரை அழைத்துவிட்டார். அந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால் பல மாதங்கள் வீணாகியிருக்காது என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்பா அந்தத் தாளை எதிர்க்கவில்லை. தமக்கு அது தேவையில்லை என்று நம்பினார். உடம்பில் வலியோ சோர்வோ இல்லையென்றால் நோய் அடங்கிவிட்டது என்றும், சாப்பிட்டதை மாத்திரை பார்த்துக்கொள்ளும் என்றும், இனிப்பை விட்டால் போதும் என்றும் அவர் நினைத்தார். ஆகவே சர்க்கரை சேர்க்காதது என்று அச்சிட்ட பிஸ்கட்டும், இயற்கையானவை என்ற காரணத்தால் தேனும் பழச்சாறும் தாராளமாக உள்ளே போயின. பிஸ்கட்டின் மாவும் குளுக்கோஸாகவே மாறும் என்பதையும், தேனில் பெரும்பகுதி குளுக்கோஸ், ஃபுரக்டோஸ் என்ற சர்க்கரைகள்தான் என்பதையும் எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. பரிசோதனை நெருங்கும்போது மட்டும் உணவைச் சுருக்கிக்கொள்வார். வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு ஓரளவு நன்றாக வரும். அதுவே அவருக்குச் சான்றாகிவிடும்.

இரத்தச் சர்க்கரையின் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனை அந்தச் சான்றை உடைத்தது. பலருக்கு 7 சதவீதத்துக்குக் கீழ் என்று இலக்கு வைக்கப்படும் இடத்தில் அப்பாவுக்கு 9-ஐத் தாண்டியிருந்தது. மருத்துவர் கண், சிறுநீரகம், கால் என்று வரிசையாகச் சொல்லி அச்சுறுத்தினார். சொன்னவை உண்மை என்றாலும் விளைவு நேர்மாறாக இருந்தது. "வருவது எப்படியும் வரும்" என்று அப்பா கொஞ்சநஞ்சக் கட்டுப்பாட்டையும் கைவிட்டார்.

அந்த நிலையில்தான் நலம்சார் நம்பிக்கை மாதிரி என்ற கோட்பாட்டைப் படித்தேன். காசநோய்க்கான இலவச எக்ஸ்ரே பரிசோதனைக்கு மக்கள் ஏன் வரவில்லை என்ற கேள்வியிலிருந்து, 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய சமூக உளவியலாளர்கள் உருவாக்கியது அது. நோய் தன்னைத் தாக்கும், தாக்கினால் கடுமையாக இருக்கும், செய்யும் மாற்றம் பலன் தரும், அதற்கான தடைகள் தாண்டக்கூடியவை என்ற எண்ணங்கள் சேர்ந்தே ஒருவரைச் செயல்பட வைக்கின்றன என்பது அதன் சாரம். தன்னால் முடியும் என்ற உறுதி 1988இல் இதில் சேர்க்கப்பட்டது. அப்பாவிடம் கடுமையைப் பற்றிய அச்சம் மட்டும் ஏற்றப்பட்டிருந்தது. பலன் கிடைக்கும் என்ற எண்ணமும் தன்னால் முடியும் என்ற உறுதியும் அறவே இல்லை.

எனவே வாதத்தை நிறுத்திவிட்டு வீட்டிலேயே இரத்தச் சர்க்கரையை அளக்கும் ஒரு குளுக்கோமீட்டரைக் கொடுத்து, சாப்பிடும் முன்பும் முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து, அவரையே குறித்துவைக்கச் சொன்னேன். அவர் நம்பிய அதே பிஸ்கட்டுக்குப் பிறகு 118 என்ற அளவு 231 ஆனது. பாதித் தட்டு காய்கறியும் கால் தட்டு மட்டும் மாவுச்சத்தும் இருந்த வேளையில் அது 160ஐத் தொடவில்லை. அந்த எண்களைத் தம் கையால் எழுதிய பிறகு பிஸ்கட்டை நிறுத்தியவர் அவரேதான். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எண் குறையக் குறைய நல்லது என்ற புதிய நம்பிக்கை பிறந்து, அப்பா இரவு உணவைத் தவிர்க்கத் தொடங்கினார். ஒரு நாள் கை நடுங்கி வியர்த்தது, அளவு 70க்குக் கீழே போயிருந்தது. பதினைந்து கிராம் குளுக்கோஸைக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்த பிறகே அச்சம் தணிந்தது. இன்சுலினோ கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது. குறிப்பேட்டை ஒவ்வொரு சந்திப்புக்கும் எடுத்துச் செல்லுங்கள்; அதைப் பார்த்துத்தான் எங்கள் மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றினார்.

கடைசிப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 7.2. இப்போது அப்பா, இவ்வளவு குறைந்துவிட்டதால் மாத்திரை இனி வேண்டாம் என்கிறார். அடுத்த சந்திப்பில் அதைத் தாமே மருத்துவரிடம் கேட்பதாகவும் அதுவரை மாத்திரையை விடுவதில்லை என்றும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார்.