கொடியும் கோடையும் ஒரே ‘கட’: தமிழ் விக்கிக்குத் தானியங்கிப் பொருளடக்கம்

என் தோட்டக் குறிப்பு விக்கியின் பொருளடக்கம் ஒருவழியாக வேலை செய்கிறது. பந்தல் காய்கறிகள் பக்கத்தில் ‘கோடை’ என்று அழுத்தினால் கோடைக்குத்தான் போகிறது, கொடிக்கு இல்லை. இதில் என்ன பெருமை என்பவர்கள் தமிழ்த் தலைப்புகளோடு மல்லுக்கட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த விக்கி வெறும் மார்க்டவுன் கோப்புகள்தான், அதாவது எளிய குறிகள் போட்டு எழுதிய உரைக்கோப்புகள். பைத்தான்-மார்க்டவுன் என்ற நிரல் அதைப் பக்கங்களாக மாற்றுகிறது. விக்கிப்பீடியாவை ஓட்டுகிற மீடியாவிக்கி போட்டால் நாலு தலைப்பு சேர்ந்ததும் பொருளடக்கம் தானாகவே வந்துவிடுமே என்று கேட்பீர்கள். வரும். ஆனால் அதற்கு ஒரு டேட்டாபேஸைக் கட்டி மேய்க்க வேண்டும், எனக்குப் பொறுமை இல்லை. டோக்குவிக்கி என்ற இன்னொரு விக்கி மென்பொருளுக்கு அந்தத் தொல்லை கிடையாது, மூன்று தலைப்பு இருந்தாலே பட்டியல் போட்டுவிடும், ஆனால் அங்கே பெரிய தலைப்புக்கு ஆறு சமக்குறி, சின்னதாக ஆக ஆகக் குறிகளும் குறையும். மீடியாவிக்கிக்கு நேர் தலைகீழ். கை பழகவில்லை, விட்டுவிட்டேன்.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். பட்டியல் போடுவது பெரிய விஷயமே இல்லை, பொருளடக்க நீட்சியை இயக்கினால் முடிந்தது. ஒவ்வொரு தலைப்புக்கும் அது வைக்கிற ஐடியில்தான் (இணைப்பு தேடிப் போகும் அடையாளப் பெயர்) தகராறு. இயல்பாக விட்டால் ஆங்கில எழுத்து தவிர எல்லாவற்றையும் தூக்கி எறிகிறது, எனவே தமிழ்த் தலைப்புக்கு மிஞ்சுவது ‘_1’, ‘_2’ மட்டுமே. பக்கம் ஓடும். ஆனால் நடுவில் புதிதாக ஒரு தலைப்பைச் செருகினால் அதற்குக் கீழே உள்ள எண்கள் எல்லாம் நகர்ந்து, வேறு பக்கங்களிலிருந்து கொடுத்த இணைப்புகள் அத்தனையும் தப்பான இடத்தில் போய் நிற்கும். விக்கிக்கு இது சரிப்படாது.

அதற்குத்தான் யூனிகோட் ஸ்லக் (தலைப்பை அப்படியே ஐடியாக்கும் செயல்கூறு) என்று ஒன்றை நீட்சியிலேயே வைத்திருக்கிறார்கள். ஆசையாக மாற்றினேன். ‘விதைப்பு’ என்ற தலைப்பின் ஐடி ‘வதபப’ என்று வந்தது! ‘அறுவடை’ போய் ‘அறவட’. கொடியும் ‘கட’, கோடையும் ‘கட’, இரண்டாவதாக வருவதற்கு ‘கட_1’. ஓலைச்சுவடியில்கூடப் புள்ளி மட்டும்தான் விடுபடும், இது காலையும் கொம்பையும் சேர்த்து விழுங்குகிறது. பக்கத்தில் கோடையை மேலே ஏற்றி வைத்ததும் பழைய ‘கட’ இணைப்பு எல்லாம் கொடிக்குப் பதில் கோடைக்குப் போக ஆரம்பித்தது, பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை.

காரணம் இதுதான். எது ‘சொல்லுக்குரிய எழுத்து’ என்று பைத்தானின் வழக்கமான ரெகெக்ஸிடம் (உரையில் வடிவங்களைத் தேடும் கருவி) கேட்டால், அது ஒவ்வொரு குறியீடாக (‘கி’ என்றால் ‘க’ ஒன்று, கொக்கி ஒன்று) எடுத்து எழுத்தா, எண்ணா, அடிக்கோடா என்று மட்டும் பார்க்கிறது. யூனிகோடில் ‘க’ எழுத்து. ஆனால் புள்ளியும் உயிர்க்குறிகளும் ‘குறி’ என்ற தனி வகை. அந்த வகையை அது கணக்கில் எடுப்பதே இல்லை. இந்திக்காரர்களும் இதே குழியில் விழுகிறார்கள், மாத்திரைகள் எல்லாம் காணாமல் போகும். ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் மோசம், அதன் ‘சொல்’ அடையாளத்துக்கு ஆங்கிலத்தைத் தாண்டி எதுவும் தெரியாது.

தீர்வு நாலு வரிகூட இல்லை. அந்த நீட்சி நாம் எழுதுகிற ஸ்லக் செயல்கூற்றையும் ஏற்றுக்கொள்ளும். அதில் ரெகெக்ஸையே தொடாமல், ஒவ்வொரு குறியீட்டின் யூனிகோட் வகையையும் கேட்டு, எழுத்து, குறி, எண் இந்த மூன்றும் இருக்கட்டும், இடைவெளி சிறுகோடாகட்டும், மற்றது போகட்டும் என்று எழுதினேன். தனியாக நிறுவிக்கொள்ளும் ‘ரெகெக்ஸ்’ தொகுதியைப் போட்டாலும் சரியாகிவிடும், ஆனால் இவ்வளவுக்காக இன்னொரு சார்பு எதற்கு?

அதற்கு முன்னால் ஒன்று செய்தே ஆக வேண்டும்: என்எஃப்சி இயல்பாக்கம், அதாவது ஒரே எழுத்தைப் பல விதமாகக் குறியீடு செய்திருந்தால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் உலாவி ஐடியைக் குறியீடு குறியீடாகத்தான் ஒப்பிடும், இரண்டும் ஒன்று என்று அதற்குத் தெரியாது. பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய தலைப்புகளில் இந்தப் பிரிந்த வடிவம் நிறையவே இருந்தது. ‘ஔ’ வேறு, ‘ஒ’ பக்கத்தில் ‘ள’ போட்டது வேறு. அதை எந்த இயல்பாக்கமும் சேர்த்து வைக்காது, கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியதுதான். ‘க்ஷ’வைப் பிரித்துக் காட்டச் சில விசைப்பலகைகள் நடுவில் நுழைக்கிற கண்ணுக்குத் தெரியாத இணைப்புநீக்கி, மேலே சொன்ன மூன்று வகையிலும் சேராததால் தானாகவே உதிர்ந்துவிடுகிறது. கேட்காமல் கிடைத்த லாபம்.

ஒரு குறை இருக்கிறது. இணைப்பை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளாக வந்து கொட்டும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட், ஒரு பைட்டுக்கு மூன்று எழுத்து, ஆக ‘பொருளடக்கம்’ என்ற ஒரே சொல் 99 எழுத்துக்கு நீளும். அசிங்கம்தான், ஆனால் சரியான இடத்துக்குப் போகிறது. எனக்கு அது போதும்.

இடையில் எழுத்துருவையும் மாற்றினேன், முக்தா மலர். பட்டியலில் வரிகள் நெருக்கமாக இருந்தும் ‘கி’யின் கொக்கி மேல்வரியில் இடிக்கவில்லை. நாம் எந்தப் பகுதியைப் படிக்கிறோமோ அது பட்டியலில் தடித்துத் தெரிய வேண்டும் என்றும் ஆசை இருக்கிறது.

அதற்கு முன் முடிக்க வேண்டியது: ஒரே தலைப்பு திரும்பத் திரும்ப வருவது. கத்தரி, வெண்டை, அவரை எல்லாவற்றின் கீழும் ‘விதைப்பு’ உண்டு, எனவே விதைப்பு, விதைப்பு_1, விதைப்பு_2 என்று மறுபடியும் எண் வந்து உட்கார்ந்துவிட்டது. ‘கத்தரி-விதைப்பு’ என்று தாய்த்தலைப்பை முன்னால் சேர்த்தால் தீரும், ஆனால் ஸ்லக் செயல்கூற்றுக்குத் தலைப்பின் உரை மட்டும்தான் கிடைக்கிறது, அது எதன் கீழ் இருக்கிறது என்று தெரியாது. நீட்சி ஓடுவதற்கு முன்பே தலைப்பு மரத்தில் நடந்து ஐடியை நானே வைத்துவிட்டால் அது மேலெழுதாது. அந்த நடை பாதி எழுதியிருக்கிறேன், இரண்டாம் நிலையிலிருந்து நேராக நாலாம் நிலைக்குத் தாவும் தலைப்புகளில் தாய் யார் என்பதில் நிற்கிறது.