பெட்ரோலிலிருந்து மெத்தனாலுக்கு: சனிக்கிழமைக் குறிப்புகள்

2025 மார்ச் 8, சனி

இந்தியானாவில் குளிர் இன்னும் விடவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் மண் தளத்தில் ஓடும் பந்தயக் கார் ஒன்று இருக்கிறது. எட்டு சிலிண்டர், 350 கன அங்குல ஷெவ்ரலே எஞ்சின். கோடைப் பந்தயங்களில் பாதிச் சுற்றுகளுக்குள் கொதித்துவிடுகிறது. இந்த ஆண்டு பெட்ரோலை விட்டு மெத்தனால் என்ற ஆல்கஹால் எரிபொருளுக்கு மாற்றப் போகிறாராம். வார நாளெல்லாம் கணினியோடு மல்லுக்கட்டும் எனக்கு எடுபிடி வேலை.

இந்த ஊருக்கு மெத்தனால் புதிதல்ல. 1964 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் எடி சாக்ஸும் டேவ் மெக்டொனால்டும் இறந்த தீ விபத்துக்குப் பிறகு அங்கே பெட்ரோல் மறைந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் மெத்தனால்தான். 2007 முதல் எத்தனால். பெரியவருக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

மார்ச் 15, சனி

இன்று முழுக்கக் காகிதக் கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். எஞ்சின் இழுக்கும் காற்று மாறப் போவதில்லை. ஆகவே எரிபொருள் இரண்டு மடங்குக்கு மேல் போயாக வேண்டும். கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பமோ பெட்ரோலில் பாதிகூட இல்லை. பெருக்கிக் கழித்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன்.

குளிர்ச்சிக்கு என்றார். மெத்தனால் ஆவியாகும்போது கிலோவுக்குப் பெட்ரோலைப் போல மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சுகிறது. அளவும் இரண்டே கால் மடங்கு என்றால், உள்ளே போகும் அதே காற்றுக்கு ஏறத்தாழ ஏழு மடங்கு குளிர்ச்சி. எரிபொருள் சூட்டில் தானாக வெடித்து எஞ்சின் தட்டாது; அழுத்த விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறோம் என்பதை, துணிந்து ஏற்றலாம். நாங்கள் பத்திலிருந்து பதின்மூன்றுக்குப் போகிறோம். புது பிஸ்டன்கள் வந்துவிட்டன.

மார்ச் 29, சனி

காற்றோடு எரிபொருளைக் கலக்கும் கார்புரேட்டரின் நாள். எரிபொருளை அளந்து விடும் ஜெட் துளையின் பரப்பு இரண்டே கால் மடங்கு ஆக வேண்டுமென்றால் விட்டம் ஒன்றரை மடங்கு. நான் விட்டத்தையே இரண்டே கால் மடங்காக்கப் பார்த்தேன்; பெரியவர் சிரித்தார். பள்ளிக்கூடக் கணக்கு. ஜெட்டை மட்டும் மாற்றினால் போதாது. மிதவை ஊசி வால்வு, குழாய், பம்பு என்று டாங்க்கிலிருந்து கார்புரேட்டர்வரை எல்லாமே அகலமாக வேண்டும்.

ஏப்ரல் 12, சனி

காலை 4 டிகிரி. எஞ்சின் அசையவில்லை. 11 டிகிரிக்குக் கீழே பற்றிக்கொள்ளும் அளவுக்கு மெத்தனால் ஆவி எழாது. கார்புரேட்டர் வாயில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றியதும் உறுமிக்கொண்டு எழுந்தது. சில நிமிடங்களில் கலவை எஞ்சினுக்குள் போகும் இன்டேக் குழலின் வெளிப்புறம் வியர்த்து, பிறகு வெண்பனி படிந்தது. ஓடுகிற எஞ்சின் மேல் பனி! தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பெரியவர் ஒரு பாடம் நடத்தினார். சிமெண்டுத் தரையில் இரண்டு கரண்டி மெத்தனாலை ஊற்றிப் பற்றவைத்தார். நல்ல வெயில், ஒன்றுமே தெரியவில்லை. அணைந்துவிட்டது என்றேன். பதில் சொல்லாமல் ஒரு காகிதத் துண்டைப் போட்டார். வெறுந்தரையில் கிடந்த காகிதம் தானாகச் சுருண்டு கறுத்தது. ஒரு வாளித் தண்ணீரை அள்ளி ஊற்றினார். பந்தயத் தளத்தில் காரைக் கவனிக்கும் இடத்தில் இனி வாளி இல்லாமல் நிற்க மாட்டேன்.

இரவு அம்மா விழுப்புரத்திலிருந்து பேசினார். மெத்தனால் என்றதும் குரல் மாறிவிட்டது. "கள்ளக்குறிச்சியில் அத்தனை பேர் செத்தது அதில்தானேப்பா?" அதேதான் அம்மா. 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற அதே மெத்தனால். தோல் வழியாகவும் உடம்பில் இறங்கும் என்பதை அவரிடம் சொல்லவில்லை. கையுறை போட்டுத்தான் வேலை செய்கிறேன் என்று மட்டும் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வைத்தார்.

ஏப்ரல் 26, சனி

தவறு என்னுடையது. சென்ற வாரம் கார்புரேட்டரை வடித்துக் கழுவாமல் விட்டுவிட்டேன். இன்று திறந்தால் கிண்ணத்தில் வெள்ளைக் களிம்பு. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து, அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கிறது. பெரியவர் திட்டவில்லை, தூரிகையை நீட்டினார். மூன்று மணி நேரம் தேய்த்தேன். பழைய காகித வடிகட்டியும் ஊறிப் பருத்திருந்தது. அதை எறிந்துவிட்டு எஃகு வலை போட்டோம்.

மே 3, சனி

முதல் பந்தயம். ஏழாம் இடம். வெப்பமானி முள் கடைசிச் சுற்றுவரை சிவப்புப் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. பெட்ரோலில் பாதி மிஞ்சும் டாங்க் இன்று ஏறக்குறைய காலி. தீப்பொறி பிளக்குகளைக் கழற்றினால் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. பெட்ரோல் போலப் பழுப்பு நிறத்தைப் பார்த்துக் கலவையைச் சொல்ல முடியாது. பிளக் முனைக் கம்பியில் சூடு ஏறிய தடத்தை உருப்பெருக்கியில் தேட வேண்டும்.

இரவு பதினொன்றரைக்கு மெத்தனாலை வடித்து, பெட்ரோல் ஊற்றிச் சில நிமிடங்கள் ஓடவிட்டோம். பழைய வாசனை வந்தது. கடைசியாக எண்ணெய் அளவுக் குச்சியை உருவினார்: பால் காப்பி நிறம். எரியாத மெத்தனால் எண்ணெயில் கலந்திருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு எண்ணெய் மாற்ற வரச் சொல்லியிருக்கிறார்.